வட்டியில்லாக் கடன் நிதி: பாலக்காட்டு எல்லையில் நடத்திப் பார்த்தவர்களின் குறிப்பு

தமிழ்நாட்டை ஒட்டிய கேரளத்தின் கொல்லங்கோடு, முதலமடை, புதுநகரம் பக்கம் மஹல்லில் (ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த முஸ்லிம் சமூகத்தில்) வட்டியில்லாக் கடன் நிதி தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, பணத்துக்கு எங்கே போவது என்றுதான். பணம் வந்துவிடும், ரமலானில் இரண்டு ஜும்ஆவில் (வெள்ளிக்கிழமைத் தொழுகையில்) அறிவித்தால் போதும். வந்த பணத்தை யாருக்கு, எந்தப் பேரில் கொடுப்பது என்பதில்தான் தலைவலி. ஜகாத் (வசதியுள்ள முஸ்லிம் கட்டாயமாகக் கொடுக்கும் தர்மம்) கொடுத்துக் கைதூக்கிவிட வேண்டியவரைக் கடன்காரராக்குவது, கடனை வாங்கித் தொழில் ஓட்டக்கூடியவருக்கு ஜகாத்தைக் கொடுத்தனுப்புவது. நாங்கள் பார்த்தவரை நிதி படுத்துப்போவது இந்த இரண்டால்தான்.

அதனால் முதல் நாளிலிருந்தே இரண்டு ரொக்கப் புத்தகம், இரண்டு வங்கிக் கணக்கு. ஜகாத் யார் யாருக்கு என்று குர்ஆன் 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனம் எட்டு வகையினரைச் சொல்கிறது. இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் (மத்ஹபுகளில்) ஒன்றான ஹனஃபி சட்டப்படி அந்தப் பணம் வாங்குபவருக்கு முழுச் சொந்தமாக வேண்டும். 'தவணையில் திருப்பிக் கட்டு' என்று சொல்லிக் கொடுத்தால் கொடுத்தவருடைய ஜகாத் நிறைவேறாது. இங்குள்ள தமிழ் முஸ்லிம்களான ராவுத்தர்கள் ஹனஃபி என்பதால் இதில் விட்டுக்கொடுக்க வழியில்லை. கடன் நிதிக்கு ஸதகா என்னும் விருப்ப தர்மம், பொது நன்கொடை, பள்ளிவாசலின் வக்ஃபு (அறத்துக்கென எழுதிவைத்த சொத்து) கடை வாடகை, இவை மட்டுமே. வளைகுடாவில் இருப்பவர் சிலர், "ஒரு லட்சம் அனுப்பறேன், ரெண்டு வருஷம் கழிச்சுத் திருப்பிக் கொடுத்தாப் போதும்" என்பார்கள். நல்ல மனசுதான், ஆனால் வாங்காதீர்கள். திருப்பித் தருவதாகச் சொல்லி வெளியாரிடம் வாங்கும் பணம், ஒழுங்குமுறைக்கு உட்படாத டெபாசிட்டுகளைத் தடைசெய்யும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் போய் மாட்டும். அப்படித்தான் நடத்த வேண்டும் என்றால் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்துகொண்டு உறுப்பினர்களிடம் வாங்குவதே வழி.

சேமிப்புக் கணக்கில் விழும் வங்கி வட்டியைக் கடன் நிதியில் சேர்ப்பதில்லை. தனி வரியில் எழுதி, புண்ணியத்தை நாடாமல் பொதுக் கழிப்பறை, சாக்கடை வேலை மாதிரிச் செலவுக்கு ஒதுக்கிவிடுகிறோம். கரண்ட் அக்கவுண்டில் வட்டி வராது என்று அங்கே போனால், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிப்பார்கள்.

விண்ணப்பதாரரைப் பிரிப்பது எப்படி? கேரளத்தில் ஏழைக் குடும்பங்களுக்கான மஞ்சள், பிங்க் ரேஷன் கார்டு ஓர் அடையாளம், அவ்வளவுதான். எல்லையோரத்தில் பாதிப் பேர் குடியிருப்பது இங்கே, கார்டு இருப்பது தமிழ்நாட்டுப் பொள்ளாச்சியில். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதே சரி. பார்க்கும்போது நகையை மறக்காமல் கேளுங்கள். ஹனஃபியில் அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு. ஜகாத் கடமையாவதற்கான குறைந்தபட்ச அளவான நிஸாப், தங்கத்தில் 87.48 கிராம், வெள்ளியில் 612.36 கிராம். நாலு பவுனும் கையில் கொஞ்சம் ரொக்கமும் இருந்தாலே, இரண்டையும் சேர்த்து வெள்ளி விலையில் பார்க்கும்போது நிஸாபைத் தாண்டிவிடும். கழிக்க வேறு கடன் இல்லையென்றால், மாச வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவர் ஜகாத் வாங்க முடியாது. அதே தெருவில் ஷாஃபி என்ற வேறு மத்ஹபைப் பின்பற்றும் மாப்பிள்ளை (மலையாள முஸ்லிம்) குடும்பம் இருந்தால் கணக்கு வேறு. அவர்களிடம் அணிகிற நகைக்கு ஜகாத் இல்லை, ஏழையா என்பதைத் தேவையை வைத்தே பார்ப்பார்கள். கமிட்டியில் இதற்காகச் சண்டை வராமல் இருக்க, அந்தந்தக் குடும்பத்தின் மத்ஹபை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுவது நல்லது. நாலு பவுன் இருப்பவருக்கு ஏற்றது அந்த நகையின் பேரில் வட்டியில்லாக் கடன். வேலையும் இல்லை, நகையும் இல்லை, வீட்டில் நோயாளி இருக்கிறார் என்றால் கடன் விண்ணப்பப் பாரத்தை எடுக்கவே கூடாது. ஜகாத் புத்தகத்தைத் திறக்க வேண்டியதுதான். முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாருக்கும் கடன் நிதி உண்டு, ஜகாத்துக்குத்தான் கட்டுப்பாடு.

நகை வாங்கும்போது அவசரம் கூடாது. கல், அரக்கு கழித்த நிகர எடையை அவர் கண் முன்னால் தராசில் வைத்து, அவரையே சத்தமாகப் படிக்கச் சொல்கிறோம். உட்புறம் துணி ஒட்டிய கவரில் நகையை வைத்து வாயை ஒட்டி, ஒட்டின கோட்டின் மேலேயே அவர் கையெழுத்தும் செயலாளர் கையெழுத்தும், பாதி மடிப்பிலும் பாதி கவரிலும் விழுகிற மாதிரி. அதன்மேல் செல்லோடேப். திருப்பும் நாளில் கோடு கலையாமல் இருப்பதை அவர் பார்த்த பிறகே பிரிக்க வேண்டும். கவர் போகும் இடம் வங்கி லாக்கர். ரொக்கம் பற்றவில்லை என்று இந்த நகைகளை வேறிடத்தில் மறு அடகு வைத்துக் கடன் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அடகுப் பொருளால் கடன் கொடுத்தவர் பயனடையவே கூடாது, அதுவும் வட்டிக்கு வைத்து என்றால் கேட்கவே வேண்டாம்.

இனி சேவைக் கட்டணம். பல இடங்களில் வட்டி பின்வாசல் வழியாக உள்ளே வருவது இங்கேதான். நூற்றுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று வாங்கினால் அதற்கு என்ன பேர் வைத்தாலும் அது வட்டி. உண்மையான செலவைக் கடன்களின் எண்ணிக்கையால் வகுத்து, தொகை எதுவானாலும் ஒரே கட்டணம் என்பதே முறை. உதாரணத்துக்கு, கணக்கெழுதுபவருக்கு மாதம் 4,000 வீதம் வருஷத்துக்கு 48,000, பாரம், போன், நகை மதிப்பீடு 12,000, ஆக 60,000. வருஷத்தில் 150 கடன் என்றால் ஒன்றுக்கு 400 ரூபாய். கணக்கு சரி, ஆனால் 5,000 ரூபாய் வாங்கி ஐந்து மாதத்தில் அடைக்கும் இட்லிக்கடை அம்மாவுக்கு இந்த 400, கூட்டுறவு வங்கி நகைக்கடன் வட்டியைவிடக் கூடுதலாகிவிடும். சின்னக் கடன்காரர் பெரிய கடன்காரரின் செலவைச் சுமக்கிறார். இதற்கு ஒரே மருந்து, சம்பளத்தை வக்ஃபு கடை வாடகையிலிருந்து கொடுப்பது. அப்போது மிஞ்சுவது 12,000; கடனுக்கு 80 ரூபாய். தாமதக் கட்டணம் அறவே கிடையாது.

கிரைண்டர், தையல் மிஷின் மாதிரிப் பொருளுக்கு ரொக்கம் கொடுக்காமல் கொட்டேஷன் வாங்கி, கடைக்கே வங்கி வழியாக அனுப்புகிறோம். நிதியே பொருளை வாங்கி லாபம் வைத்துத் தவணையில் விற்கும் முராபஹா நல்ல முறைதான். ஆனால் பொருள் முதலில் நம் பேரில் பில்லாகி, நம் கைக்கு வந்து, சேதமானால் நஷ்டம் நம்முடையது என்ற நிலை வந்த பிறகே விற்க வேண்டும். ஜிஎஸ்டி, கிடங்கு என்று அது வேறு உலகம். சின்ன மஹல்லுக்கு வேண்டாம். எப்படிக் கொடுத்தாலும் 20,000 ரூபாயைத் தொடும் கடன், ரொக்கமாகக் கைமாறக் கூடாது. வருமான வரிச் சட்டம் விடாது.

பத்திரம் தமிழில் இருக்கட்டும். இங்கே கிடைக்கும் அச்சுப் பாரங்கள் மலையாளத்தில் இருக்கும், கையெழுத்துப் போடுகிறவர் தமிழ் மட்டும் படித்தவராக இருப்பார். சாட்சிகள் முன் வாசித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று வருஷம். இடையில் கட்டும் தொகையை நோட்டின் பின்புறம் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருஷம். ஜாமீனுக்கு இரண்டு பேர், அதில் ஒருவராவது எல்லைக்கு இந்தக் கேரளப் பக்கம் நிலையாகக் குடியிருப்பவர். மச்சான் ஆனைமலையில் கடை வைத்திருக்கிறார் என்பார்கள். பத்தாயிரம் ரூபாய்க்காக அங்கே யாரும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை.

கடன் அடைபடாமல் போவதற்கு நாங்கள் கண்ட முதல் காரணம் தண்டல். பத்தாயிரத்துக்கு எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். வருஷக் கணக்கில் நூறு சதவீதத்துக்கும் மேல். தொழிலுக்கு என்று வாங்கும் நம் கடன் நேராக அங்கே போகும், தொழில் இருந்த இடத்திலேயே இருக்கும். "தண்டல் இருக்கா?" என்று ஆணிடம் மட்டும் கேட்டால் இல்லை என்பார், வீட்டம்மாவிடமும் கேளுங்கள். இருந்தால் மறைக்காமல் அதையே கடனின் நோக்கமாக எழுதி, தண்டல்காரரைக் கூப்பிட்டு நம் முன்னிலையில் அடைத்து, அவர் வைத்திருக்கும் வெற்று செக், ஏடிஎம் கார்டு, கையெழுத்திட்ட வெறும் பத்திரம் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிட வேண்டும். பாக்கி இல்லை என்ற ஒரு வரியையும் எழுதி வாங்குங்கள். முரண்டு பிடித்தால் கேரளத்தில் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் கந்துவட்டிக்கு எதிராக இருக்கின்றன. அவற்றின் பேரை எடுத்தாலே பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

தவணையை வீட்டுக்குப் பணம் வரும் நாளைப் பார்த்து வையுங்கள். டீக்கடைக்கு வாரத் தவணை. முதலமடை மாங்காய் வேலைக்குப் போகிறவருக்கு அறுவடை நடக்கும் மாதங்களில் பெரிய தவணை, மழைக்காலத்தில் பேருக்கு ஒன்று. ஆடு வளர்க்க வாங்கிய கடனுக்கு ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து ஒரே தவணை. ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் வசூல் என்று வைத்தால் பெண்கள் பெரும்பாலும் வரமாட்டார்கள். கடன் வாங்குவதில் அவர்களே அதிகம். கேரள அரசின் பெண்கள் திட்டமான குடும்பஸ்ரீ 1998இலிருந்து அயல்கூட்டம் (அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு) என்றால் என்ன என்பதை எல்லாருக்கும் பழக்கிவிட்டது. பத்திலிருந்து இருபது பேர் கொண்ட கூட்டமாக அமைத்து, வசூலை அந்த வாரக் கூட்டத்திலேயே வைத்தால் வேலை சுலபம். அவர்களுடைய சேமிப்பு அவர்கள் பேரிலேயே தனிக் கணக்கில் இருக்கட்டும், நிதியின் கணக்கில் கலக்க வேண்டாம்.

கட்ட முடியாமல் போனவருக்கு முதலில் அவகாசம். உண்மையிலேயே நொடித்துவிட்டார் என்றால் அவர் கடனாளி என்ற வகையில் ஜகாத்துக்கு உரியவராகலாம். ஆனால் 'உன் கடனை ஜகாத்தில் கழித்துவிட்டோம்' என்று புத்தகத்தில் ஒரு கோடு கிழித்து முடிப்பது ஹனஃபியில் செல்லாது. ஜகாத் புத்தகத்திலிருந்து பணத்தை எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அதைக் கொண்டு கடனை அடைக்கலாம், அவசரமாக மருந்தும் வாங்கலாம். கொடுத்த பிறகு அது அவர் பணம். அடைத்தால் கடன் புத்தகத்தில் ரசீது போடுங்கள். அடைக்கவில்லை என்றால் பாக்கி பாக்கியாகவே நிற்கும், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் மறுபடி அவகாசம் எழுத வேண்டியதுதான்.