மாமாவின் சுக்கான்

பள்ளி மலருக்குக் கட்டுரை கேட்டபோது, விடுதிச் சாம்பாரைப் பற்றி எப்படியும் நாலு பேர் எழுதுவார்கள் என்று தெரியும். நான் ஒரு கேள்வியைப் பற்றி எழுதுகிறேன்.

1992, ப்ளஸ் டூ. மதியச் சோற்றுக்குப் பிந்தைய பாடவேளை. கச்சான் காற்று ஓட்டு இடுக்கு வழியே நோட்டில் மணலைத் தூவிக்கொண்டிருந்தது. உச்சிப்புளி கடற்படை ஓடுதளத்தில் இறங்குவதற்காக ஒரு சிறு விமானம் ஜன்னலைக் கடந்தது. (அந்தத் தளத்துக்குப் ‘பருந்து’ என்று பெயர் வந்தது 2009இல்தான்.) பாதி வகுப்பு தலையைத் திருப்பிவிட்டது. இயற்பியல் சார் கோபிக்கவில்லை. கரும்பலகையை அழித்துவிட்டு ஓர் இறக்கையை வரைந்தார்.

மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் இறக்கையின் மேல் வழுக்கிப்போக வேண்டிய காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும், தூக்குவிசை சரிந்துவிடும், அதற்கு ஸ்டால் என்று பெயர் என்றார். அந்த நிலையில் வாலிலுள்ள சுக்கானை ஆட்டியும் பெரிய பயன் இல்லை; ஒழுங்காகக் காற்று ஓடினால்தான் அதற்குப் பிடிமானம். நான் எழுந்தேன். “அப்போது எஞ்சினை வைத்தே திருப்பிவிட முடியாதா சார்?”

வகுப்பு சிரித்தது. “எஞ்சின் தள்ளுவதற்கு, வால் திருப்புவதற்கு. உட்கார்.”

கேள்வி என் மூளையில் உதித்ததில்லை, தாய்மாமனின் வள்ளத்திலிருந்து வந்தது. பாம்பன் பாலத்துக்கு அடியில் நீரோட்டம் இழுக்கும்போது வள்ளமும் தண்ணீரும் ஒரே வேகத்தில் போகும். சுக்கானை எந்தப் பக்கம் தள்ளினாலும் கைக்கு ஒன்றும் தட்டாது. கஞ்சியில் அகப்பையைத் துழாவுவது போலிருக்கும். மாமா பதறமாட்டார். பின்னால் தொங்கும் எஞ்சினின் கைப்பிடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பீடியைப் பற்ற வைத்தபடியே உடம்பைச் சற்றுச் சாய்ப்பார். விசிறி தண்ணீரைப் பக்கவாட்டில் வீசும். வள்ளம் நின்ற இடத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்படியும் பழைய சுக்கானை அவர் கழற்றவில்லை. “எஞ்சின் நின்றால் உன் அப்பனா வந்து திருப்புவான்?” என்பார்.

சார் என்னை உட்காரச் சொன்ன அதே ஆண்டில், கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் அமெரிக்கரும் ஜெர்மானியரும் சேர்ந்து செய்த எக்ஸ்-31 என்ற சோதனை விமானம், எதிர்வரும் காற்றுக்கு 70 பாகைக் கோணத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு, விழாமல், சொன்னபடி கேட்டுக்கொண்டு பறந்தது. 1993 ஏப்ரல் 29 அன்று, நாங்கள் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில், அது ஸ்டாலைத் தாண்டிய அந்தக் கோணத்திலேயே சுழன்று மிகக் குறுகிய வட்டத்தில் வந்த திசைக்கே திரும்பியது. ஹெர்ப்ஸ்ட் திருப்பம் என்று அதற்குப் பெயர். இதெல்லாம் எனக்குத் தெரியவர இருபது ஆண்டுகள் ஆயின. சாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. எங்கள் நூலகத்துக்கு வாரப் பத்திரிகையே மூன்று வாரம் கழித்துத்தான் வரும்.

மியூனிக்கில் வேலைக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ஷ்லைஸ்ஹைம் விமான அருங்காட்சியகத்துக்குப் போனேன். செய்த இரண்டு எக்ஸ்-31களில் மிஞ்சியது அங்கேதான் நிற்கிறது. மற்றொன்று 1995 ஜனவரியில் விழுந்துவிட்டது. காற்றின் வேகத்தை அளக்கும் குழாயில் பனி உறைந்து, கணினிக்குத் தப்புக் கணக்கு போயிற்று. விமானி குதித்துத் தப்பினார்.

எல்லோரும் முன்பக்கம் நின்று படம் எடுத்தார்கள். நான் நேராகப் பின்பக்கம் போனேன். எஞ்சின் வாயைச் சுற்றி மூன்று தட்டையான மட்டைகள், துடுப்பின் அலகு போல. கார்பன் இழையைக் கார்பனிலேயே பதித்துச் செய்தவை. சீறிவரும் தீயில் மூழ்கியும் தாங்கும். ஒரு மட்டை உள்ளே சாய்ந்தால் தீ எதிர்ப்பக்கம் ஒதுங்கும், வால் அதற்கு மறுபக்கம் தள்ளப்படும். காற்று கைவிட்டாலும் உந்துவிசை கைவிடாது. மாமாவின் அக்குள் செய்த வேலைதான்.

அன்றிரவே மாமாவுக்கு வீடியோவில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வெகுநேரம் பார்த்தார். “எதற்கு மருமகனே மட்டை? எஞ்சின் வாயையே திருப்பியிருக்கலாமே?” இருக்கிற எஞ்சினில் கைவைக்காமல் மலிவாகச் சோதித்துப் பார்க்கத்தான் மட்டை என்றேன், அதன் சக்கரங்களும் விமானி அறையும்கூட வேறு விமானங்களிலிருந்து எடுத்துப் பூட்டியவை. அவர் கேட்டபடி எஞ்சின் வாயே திரும்பும் விமானம் நம் விமானப்படையின் சுகோய்-30 என்றும் சொன்னேன். 2020 முதல் தஞ்சாவூரிலேயே ஓர் அணி நிற்கிறது. அதில் அவருக்கு வியப்பில்லை.

அவரைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. 1994இல் அந்த எக்ஸ்-31இன் நிமிர்ந்த வால் இல்லாமலே பறக்க முடியுமா என்று பார்த்தார்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் குறுக்கிட்டார்.

“வாலைக் கழற்றிவிட்டார்களா?”

“இல்லை மாமா. வால் இல்லாதது போலக் கணினியை நடந்துகொள்ளச் சொன்னார்கள். வால் அதன் இடத்திலேயே இருந்தது.”

“அப்படியா,” என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டார். “விவரம் தெரிந்தவர்கள்தான்.”