சம்பளம் நின்ற பிறகு: கணக்கு நோட்டிலிருந்து சில நாட்கள்

பிப்ரவரி 2

31ஆம் தேதி சனிக்கிழமை. அதனால் சம்பளம் வராததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று திங்கள், மதியம் வரை வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரவில்லை. மூன்று மணிக்கு அலுவலகத்திலிருந்து இரண்டே வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது: ஜனவரிச் சம்பளம் தாமதமாகும், தேதி பிறகு சொல்லப்படும்.

9 வருடத்தில் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான். அத்தைக்கு இடுப்பு எலும்பு முறிந்த பிறகு அவரைப் பார்த்துக்கொள்ள இவர் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. இரவு இவரிடம் சொன்னேன். "கையில் எத்தனை மாதத்துக்கு இருக்கு?" என்றார். "ஆறு மாதம் தாங்கும்" என்று உடனே சொல்லிவிட்டேன். எந்தக் கணக்கை வைத்து அப்படிச் சொன்னேன் என்று படுத்த பிறகுதான் யோசித்தேன்.

பிப்ரவரி 4

நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு மாதச் செலவை 100 பங்கு என்று வைத்துக்கொண்டேன். எல்லாச் சேமிப்பையும் அதே அளவில் எழுதினேன். வங்கிக் கணக்கில் 90. வைப்புத்தொகை இரண்டு, ஒன்றில் 100, இன்னொன்றில் 150. ஓய்வுக்கால நிதி 200. அண்ணனிடம் கொடுத்து வைத்தது 100. மொத்தம் 640. அந்த ஆறு மாதம் இங்கிருந்துதான் வந்திருக்கிறது.

ஆனால் ஓய்வுக்கால நிதியை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. அண்ணன் அந்தப் பணத்தைத் தொழிலில் போட்டிருக்கிறான். கேட்டால் எப்பாடு பட்டாவது புரட்டித் தருவான், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இந்த மாதமோ அடுத்த மாதமோ கைக்கு வரக்கூடியது 340 தான். ஆறு மாதம் என்று சொன்னது மூன்றரை மாதம்கூட இல்லை.

அதோடு, மார்ச்சில் வருடக் காப்பீடு 40, ஏப்ரலில் பள்ளிக் கட்டணம் 55. வருடத்துக்கு ஒருமுறை வருவதால் மாதச் செலவில் நான் இவற்றை எழுதியதே இல்லை. கழித்தால் மிஞ்சுவது 245.

பிப்ரவரி 7

செலவைப் பிரித்து எழுதினேன். வாடகை 32, கடன் தவணை 18, மளிகை 22, மின்சாரமும் தொலைபேசியும் 6, போக்குவரத்து 7, மருந்து 5, மற்றவை 10.

இதில் எங்கள் கையில் இருப்பது மளிகை, போக்குவரத்து, மற்றவை, கொஞ்சம் மின்சாரம். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் குறைந்தது 18 தான். 100 என்பது 82 ஆனது. அப்படிப் பார்த்தால் 245 மூன்று மாதத்துக்கு வரும். குறைக்காமல் இருந்தால் இரண்டரை மாதம். வீடே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்தும் சேர்ந்தது இரண்டு வாரம்தான் என்று பார்த்தபோது நெஞ்சு அடைத்தது. பாதிப் பணம் வாடகைக்கும் தவணைக்கும் போகிறது. அதில் கை வைக்காமல் கணக்கு நகராது.

பிப்ரவரி 11

தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் 2013 அக்டோபரில், செலவுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கிடைக்காமல் அரசாங்கம் 16 நாள் முடங்கியபோது, ஊழியர்களின் ஒரு சம்பளக் காசோலை வழக்கத்தைவிட 40 சதவீதம் குறைவாக வந்தது. அவர்களுடைய வங்கிக் கணக்குகளை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். பலர் வீட்டுக் கடன் தவணையைச் சில வாரம் தள்ளிப் போட்டார்கள், கடன் அட்டைக்குக் கட்டுவதையும் தள்ளினார்கள். அப்படித்தான் சமாளித்திருக்கிறார்கள். 2018 டிசம்பரில் தொடங்கிய முடக்கம் 35 நாள் நீடித்தது. சுமார் 8 லட்சம் பேருக்குச் சம்பளம் இல்லை. 2025இல் 43 நாள்.

ஆனால் அவர்கள் அரசு ஊழியர்கள். முடக்கம் முடிந்ததும் நிலுவை முழுவதும் தரவேண்டும் என்று 2019இல் சட்டமே வந்துவிட்டது. பணம் வரும் என்று தெரிந்தால் கடன் வாங்கிக்கூடக் காத்திருக்கலாம். எனக்கு வந்தது தேதி இல்லாத இரண்டு வரி. இது தாமதமா, இனி வரவே வராதா என்பதுதான் என் முதல் கேள்வி. வராது என்று வைத்துக்கொண்டுதான் இனி நடக்க வேண்டும்.

இன்னொன்றும் படித்தேன். அங்கே சிறு நிறுவனங்களின் கணக்குகளை, ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் ஆய்வுப் பிரிவான ஜேபி மார்கன் சேஸ் இன்ஸ்டிடியூட் ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட அறிக்கை அது. வரவு நின்றுபோனால் கையிருப்பை வைத்து 27 நாளுக்கு மேல் ஓட்ட முடியாத நிறுவனங்கள் பாதிக்குப் பாதியாம். எங்களுடையதும் சின்ன நிறுவனம்தான். ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர் பணம் தராததால் வந்த நெருக்கடி என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். சம்பளம் கொடுப்பவரும் மாதா மாதம் எதையோ நம்பித்தான் இருக்கிறார் என்பது இத்தனை வருடம் என் மனதில் தோன்றவே இல்லை.

பிப்ரவரி 16

வங்கிக்குப் போனேன். தவணை தவறிய பிறகு போவதைவிட முன்னாலேயே போய்ச் சொல்வது மேல் என்று இவர் பிடிவாதமாகச் சொன்னார். அது சரியாகத்தான் இருந்தது. இதுவரை ஒன்றும் தவறவில்லை என்பதால் அதிகாரி நிதானமாகக் கேட்டார். மார்ச் முதல் மூன்று தவணையைத் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டார்கள். தள்ளிய காலத்துக்கும் வட்டி ஏறும், கடன் முடியும் தேதியும் தள்ளிப்போகும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

காப்பீட்டைக் காலாண்டுக்கு ஒருமுறை கட்டுவதாக மாற்றினேன். 40க்குப் பதில் மார்ச்சில் 11 போதும். பள்ளியில் மூன்று தவணைக்குச் சம்மதித்தார்கள். வீட்டுக்காரரிடம் வாடகையைக் குறைக்கக் கேட்கவில்லை. 5ஆம் தேதிக்குப் பதில் 15ஆம் தேதி தரலாமா என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொல்லிட்டுத் தர்றதுல எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார். படியிறங்கும்போது கண் கலங்கிவிட்டது.

கடன் அட்டையை எடுத்து அலமாரியில் அத்தையின் பழைய ஆவணங்களுக்கு அடியில் வைத்துவிட்டேன். மாதா மாதம் முழுத் தொகையும் கட்டினால்தான் வாங்கியதற்குச் சில வாரம் வட்டி இல்லை என்ற சலுகை. பாக்கி வைத்துவிட்டால் புதிதாக வாங்குவதற்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

பிப்ரவரி 24

இன்று காலை அத்தையின் ரத்த அழுத்த மாத்திரையை எடுத்துக்கொடுக்கப் போனேன். இவர்தான் வழக்கமாகத் தருவார், இன்று வெளியே போயிருந்தார். 30 மாத்திரை வாங்கி இன்றோடு 20 நாள். 10 இருக்க வேண்டும். உறையில் இருந்ததையெல்லாம் திரும்பத் திரும்ப எண்ணினேன், 16 இருந்தது. இவர் கையில் வைக்கும் மாத்திரையை அத்தை கொஞ்ச நாளாக ஒருநாள் விட்டு ஒருநாள் முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறார். பிறகு உறைக்குள் போட்டுவிடுவாராம். உறையின் அடியில் ஆறும் உதிரியாகக் கிடந்தன. வெள்ளை மாத்திரைகள், ஓரம் தேய்ந்து பொடி உதிர்ந்திருந்தது.

"உனக்குக் கஷ்டம்னு தெரியுதும்மா, எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்றார். நான் கத்திவிட்டேன். அப்புறம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அப்போதே டாக்டரைக் கூப்பிட்டேன். அழுத்தம் பார்க்கச் சொன்னார், நல்லவேளை கொஞ்சம்தான் ஏறியிருந்தது. இந்த மாத்திரையை இப்படி விட்டு விட்டுப் போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

மருந்து 5 பங்குதான். நோட்டில் அதைச் சுற்றிச் சிவப்பில் கட்டம் போட்டு, அதன் மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று எழுதினேன். நாங்கள் அத்தையிடம் கணக்கை மறைத்தோம், அவர் எங்கள் முகத்தைப் பார்த்துத் தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். மாலையில் நோட்டை அவர் மடியில் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன்.

மார்ச் 6

பிப்ரவரிச் சம்பளமும் இல்லை. கூட்டம் போட்டார்கள், நம்பிக்கையோடு இருங்கள் என்றார்கள்.

வங்கிக் கணக்கில் 6 பங்குதான் மிச்சம். 100 பங்கு வைப்புத்தொகையை உடைத்தேன். அசல் முழுதாக வந்தது, வட்டி குறைந்தது. இரண்டாகப் போட்டுவைத்ததால் மற்ற 150 அப்படியே இருக்கிறது.

மார்ச் 15

பீட்டர் கனோங், பாஸ்கல் நோயல் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். வேலையிழந்தவர்களின் உதவித்தொகை எந்தத் தேதியில் நிற்கும் என்பது முன்பே தெரியும். அப்படியிருந்தும், குடும்பங்களின் செலவு அது நிற்கும் அந்த மாதத்தில்தான் தடாலென்று விழுகிறது. இது எனக்குப் புதிதாக இல்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் நாங்களும் எப்போதும்போலத்தான் செலவழித்தோம். அந்த ஒரு வாரம் மாதக் கடைசியில் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 30

வேறொரு நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டது. பழைய சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஏப்ரல் 6 சேர வேண்டும். முதல் சம்பளம் மே 5.

சந்தோஷத்தில் இவர் நோட்டை மூடப் போனார். நான் விடவில்லை. இன்று கையில் 31, ஒரு வைப்புத்தொகை 150. ஏப்ரலுக்கு வீட்டுச் செலவு 64, பள்ளியின் முதல் தவணை 18, ஆக 82. அதற்கு 150ஐ உடைக்க வேண்டும். மாதக் கடைசியில் 99 மிஞ்சும். மே வாடகை 32. வேலைக்குப் போக வர ஆகும் செலவைப் பிப்ரவரியிலேயே அடித்துவிட்டேன், அதை மறுபடி சேர்க்க வேண்டும். ஜூனிலிருந்து கடன் தவணையும் தொடங்கிவிடும். பழைய சம்பளத்தை 100 என்று கொண்டு புதுச் சம்பளம் 80 என்று வைத்தால் அப்போதும் பற்றாது, இன்னும் எதையோ மாற்ற வேண்டியிருக்கும்.

பழைய நிறுவனம் தரவேண்டிய மாதங்களை எழுத ஒரு தனிப் பக்கம் ஒதுக்கினேன். அந்தத் தொகையைக் கூட்டலில் சேர்க்கவில்லை. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணக்கை மேலிருந்து ஒருமுறை பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, மருந்து என்ற வரியில் இன்றைய தேதிக்கு நேராகத் தானே ஒரு டிக் போட்டார்.