சீனித் தண்ணிக் கிணறும் மகனின் பால் போத்தலும்

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் சீனித் தண்ணி. இது நானாகச் சொல்வதில்லை, உரும்பிராயில் எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கலியாணம் முடித்து வந்த புதிதில் மாமி என்னைக் கூட்டிக்கொண்டு போய் முதலில் காட்டியதே கிணற்றைத்தான். வாளியில் அள்ளி, கையில் ஊற்றி, "குடிச்சுப் பார் பிள்ளை" என்றார். நான் வேலணையில் பிறந்தவள். குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தோடு நடந்து வளர்ந்தவளுக்கு அந்த ஒரு கை தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்று தீவுப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இப்போதும் ஊரிலிருந்து அம்மா வந்தால் திரும்பும்போது இரண்டு கான் நிரப்பிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்.

அந்தத் தண்ணீரில்தான் என் மகனுக்குப் பால்மா கரைக்கக் கூடாது என்று ஆனது.

மகன் 35 வாரத்தில் பிறந்தான். சின்னப் பிள்ளை, இழுத்துக் குடிக்கத் தெம்பு இல்லை, எனக்கும் பால் போதவில்லை. மூன்று வாரம் போராடிய பிறகு, நிறை ஏறவில்லை என்று டொக்டர் பால்மாவும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். அன்று நான் அழுத அழுகை தனிக்கதை, அதை இங்கே எழுதப் போவதில்லை. தாய்ப்பால் இருக்கிற யாரும் இதை வாசித்துவிட்டு டின்னுக்குப் போய்விடாதீர்கள், அவ்வளவுதான். எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அடுத்த கிழமை வீட்டுக்கு வந்த மருத்துவிச்சி மிஸ், பிள்ளையைப் பார்த்து, தொப்புளைப் பார்த்து, கொப்பியில் எழுதிவிட்டுக் கேட்டார்.

"எந்தத் தண்ணியில கரைக்கிறீங்கள் தங்கச்சி?"

"கொதிக்க வைச்ச தண்ணியிலதான் மிஸ்."

"கொதிக்க வைக்கிறது சரி. எந்தத் தண்ணி எண்டு கேட்டனான்."

நான் கிணற்றைக் காட்டினேன். அவர் கிணற்றைப் பார்க்கவில்லை. வேலிக்கு அங்கால் இருந்த வெங்காயத் தோட்டத்தையும், பிறகு எங்கள் மலசலகூடக் குழி இருக்கும் மூலையையும் பார்த்தார். "ஒருக்கா ரெஸ்ற் பண்ணிப் பாருங்கோ. அதுவரைக்கும் போத்தல் தண்ணி வாங்குங்கோ" என்றுவிட்டுப் போய்விட்டார்.

மாமிக்கு வந்ததே கோபம்! "இந்தத் தண்ணி குடிச்சு நாலு பிள்ளை வளர்த்தனான்" என்று அன்று பின்னேரம் வரைக்கும் சட்டி பானையோடு கதைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. மணமில்லை, நிறமில்லை, வாயில் வைத்தால் தித்திக்கிற தண்ணீர், அதையும் கொதிக்க வைத்த பிறகு என்ன வந்துவிடப் போகிறது? 2014, 2015-இல் சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவு எண்ணெய் மிதந்தபோது எல்லாருக்கும் கண்ணால் தெரிந்தது, மூக்கால் தெரிந்தது, பவுசர் வரும்வரை வாளியோடு வரிசையில் நின்றார்கள். இங்கே அப்படி ஒன்றுமே இல்லையே.

பிரச்சினையே அதுதான். மிஸ் தோட்டத்தையும் குழியையும் பார்த்தது நைத்திரேற்றை நினைத்து, உரத்தாலும் மலக்குழியாலும் தண்ணீரில் கரைந்து சேர்கிற ஒரு சாமான். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, சுவையும் இல்லை. யாழ்ப்பாணத்து நாக்கு உவரைக் கண்டுபிடிக்கும், சவரைக் கண்டுபிடிக்கும், இன்னார் வீட்டுக் கிணறு என்றுகூடச் சொல்லும். இதை மட்டும் கண்டுபிடிக்காது.

எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக் கல். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான். பெய்கிற மழை செம்மண்ணுக்குள் இறங்கி, கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கி நிற்கிறது. அதைத்தான் குடிக்கிறோம், அதைத்தான் தோட்டத்துக்கும் இறைக்கிறோம். தோட்டத்துக்குப் போடுகிற யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் அதே வழியால் இறங்குகிறது. மலசலகூடக் குழியும் அதே கல்லுக்குள்தான். இரண்டு பரப்புக் காணியில் வீடு, கிணறு, குழி எல்லாம் இருந்தால் எவ்வளவு தூரம் தள்ளி வைப்பது? எங்கள் பகுதியான வலிகாமத்துச் செம்மண் கிணறுகளில் நைத்திரேற்று கூட என்று ஆய்வுகள் எத்தனையோ முறை சொல்லிவிட்டன. நான்தான் அதைத் தோட்டக்காரர் பிரச்சினை என்று நினைத்து வாசிக்காமல் விட்டிருந்தேன்.

பெரிய ஆட்களுக்கு இதனால் உடனடியாகப் பெரிதாக ஒன்றும் ஆகாது. கைக்குழந்தை, அதிலும் முதல் ஆறு மாதம், வேறு கதை. குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு, அதனால் அங்கே நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றும் பக்டீரியாக்கள் வளர முடியும். அந்த நைத்திரைற்று இரத்தத்தில் ஏறி ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க முடியாத ஒன்றாக மாற்றிவிடும். நமக்குள் அதைத் திருப்பிச் சரியாக்கும் நொதியம் ஒன்று இருக்கிறது, பச்சைப் பிள்ளையில் அது இன்னும் போதிய அளவு வந்திருக்காது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும், பிள்ளை சோர்ந்துபோகும், இரத்தம் எடுத்தால் சொக்லேற் நிறத்தில் இருக்கும். "நீலக் குழந்தை" என்று இதற்குப் பெயர். 1945-இல் அமெரிக்காவின் அயோவாவில் கோம்லி என்ற மருத்துவர்தான் கிணற்றுத் தண்ணீரில் பால் கரைத்துக் குடித்த குழந்தைகளில் இதைக் கண்டு எழுதினார். அங்கேயும் தோட்டம், அங்கேயும் வீட்டுக் கிணறு. அதை வாசித்த இரவு மகனின் நகத்தை டோர்ச் அடித்து எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. நல்ல ரோசாப் பூப்போலத்தான் இருந்தது. (உதடு நீலமாகத் தெரிந்தால் நகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், அதற்கு மருந்து இருக்கிறது.)

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகிற சாமான் இல்லை, உப்பு மாதிரிக் கரைந்து கிடப்பது. தண்ணீர் ஆவியாகும், அது கேத்தலுக்குள்ளேயே நிற்கும். "வடிவாக் கொதிச்சு வத்த விடு பிள்ளை, அப்பதான் சுத்தம்" என்று மாமி சொல்லித்தந்தபடி ஒரு லீற்றரை முக்கால் லீற்றராக வற்றவிட்டு மகனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சுத்தம் என்று நினைத்து நைத்திரேற்றைக் கூட்டியிருக்கிறேன்.

மாமியின் "நாலு பிள்ளை" வாதத்துக்கு விடை அவர் வாயிலிருந்தே வந்தது. இரண்டு நாள் கழித்துக் குசினியில் சூப்பிகளை அவித்துக்கொண்டு நின்றேன், அவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் ஒண்டுக்கும் போத்தல் கட்டினதில்லை, நாலும் முலைப்பால்தான்" என்றார், கொஞ்சம் குத்தலாகத்தான். எனக்கு அது குத்தவில்லை, வெளிச்சம் வந்தது. அந்த நாலு பிள்ளைகளும் கைக்குழந்தையாக இருக்கும்போது இந்தக் கிணற்றைக் குடிக்கவே இல்லை! தாய் குடிக்கிற நைத்திரேற்று தாய்ப்பாலில் அவ்வளவாக இறங்குவதில்லை. என் பிள்ளையோ, ஒரு கிலோ நிறைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 மில்லி லீற்றர் கணக்கில், குடிப்பதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர். பெரிய ஆள் அந்தக் கணக்கில் குடித்தால் நாளுக்கு எட்டு ஒன்பது லீற்றர் குடிக்க வேண்டும்.

சரி, பரிசோதனை. நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தோம். போத்தலை எப்படிக் கழுவுவது, எவ்வளவு எடுப்பது என்றெல்லாம் முதலே கேட்டுக்கொண்டு போங்கள், நாங்கள் சோடாப் போத்தலில் கொண்டுபோய்த் திரும்பி வந்தோம். முடிவு வந்த அன்று இவர் தாளைத் தூக்கிக்கொண்டு சந்தோசமாக ஓடி வந்தார். "14 தான்! அளவு 50, பார்." மாமி உடனே ஒரு தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

14 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் "நைத்திரேற்று, நைதரசனாக" என்று இருந்தது. அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது, போன் எடுத்துக் கேட்டேன். விசயம் இதுதான்: ஒரு லீற்றரில் 50 மில்லிகிராம் என்ற எல்லை முழு நைத்திரேற்றுக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையும் அதுதான், இலங்கையின் எஸ்.எல்.எஸ் 614 தரத்தின் எல்லையும் அதுதான். நைத்திரேற்றுக்குள் இருக்கிற நைதரசனை மட்டும் அளந்து எழுதினால் எல்லை 11 சொச்சம். அதை முழு நைத்திரேற்றாக மாற்ற 4.4-ஆல் பெருக்க வேண்டும். எங்கள் 14 அப்போது 62. அந்தத் தேத்தண்ணி ஆறிப்போய்த்தான் கிடந்தது. உங்கள் கையிலும் இப்படி ஒரு தாள் இருந்தால் எண்ணைப் பார்ப்பதற்கு முதல் அது எதன் அளவு என்று பாருங்கள். இன்னொன்று, ஒரு தரம் பார்த்து நல்லது என்று வந்தாலும் மாரி முடிந்த பிறகு திரும்பப் பாருங்கள், எங்கள் கிணறுகளில் மழைக்குத் தக்கபடி எல்லாம் மாறும்.

அப்புறம் எந்தத் தண்ணீர் என்ற தேடல். வீட்டில் இருந்த மெழுகுதிரி ஃபில்டர் நைத்திரேற்றை எடுக்காது. கரி ஃபில்டரும் எடுக்காது. தண்ணீரைச் சவ்வால் வடிக்கிற ஆர்.ஓ. என்கிற மெசின் பெரும்பகுதியை எடுக்கும், ஆனால் அதன் சவ்வை நேரத்துக்கு மாற்றவேண்டும், எங்கள் தண்ணீரின் கல்லுக்கு அது சீக்கிரம் அடைபடும். கேத்தலின் அடியைச் சுரண்டினால் வெள்ளையாக ஒரு கைப்பிடி வருகிற ஊர் இது. சந்தியில் 20 லீற்றர் கானில் நிரப்பித் தருகிற ஆர்.ஓ. தண்ணீர் மலிவு, ஆனால் கானை யார், எப்படிக் கழுவினார்கள் என்பது எனக்குத் தெரியாததால் மனம் வரவில்லை. ஒரு இடத்தில் கானின் உட்பக்கத்தைத் தடவினேன், விரல் வழுக்கியது. அதோடு விட்டேன். 2024-இல் தாளையடியில் திறந்த நிலையம் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் எடுக்கக்கூடியது என்கிறார்கள், அந்தக் குழாய் எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் வரவில்லை. வந்த வீட்டுக்காரர்கள் பாக்கியசாலிகள், கிணற்றை விட்டுக் குழாயையே பாவியுங்கள்.

கடைசியில் எஸ்.எல்.எஸ் முத்திரை உள்ள, மூடி உடையாத சாதாரணக் குடிநீர்ப் போத்தல் என்று முடிவெடுத்தோம். 5 லீற்றர் போத்தல், பால் கரைக்க மட்டும். கழுவ, குளிப்பாட்ட எல்லாம் கிணறுதான். விலை கூடிய "மினரல்" தண்ணீர்தான் நல்லது என்று நினைக்காதீர்கள், சிலவற்றில் சோடியம் கூட இருக்கும். லேபிளில் சோடியம் லீற்றருக்கு 200 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போத்தல் தண்ணீர் வந்தவுடன் இன்னொரு பிழை விட்டேன், கொதிக்க வைக்காமல் கொஞ்சம் இளஞ்சூடாக்கிக் கரைத்தேன். சீல் வைத்த தண்ணீர்தானே? கனடாவில் இருக்கிற சின்னம்மா வட்ஸ்அப்பில் வந்து கத்தினார். அவர் பேரப்பிள்ளைக்கு அங்கே கடையில் குழந்தைகளுக்கென்றே தண்ணீர் விற்கிறார்களாம், அதைக்கூடக் கொதிக்க வைக்கச் சொல்லித்தான் நேர்ஸ் சொன்னாராம். எனக்குச் சின்னம்மாவின் அறிவுரை என்றால் பொதுவாக எரிச்சல்தான், இந்த முறை சரியாகச் சொன்னார். போத்தல் தண்ணீர் கிருமியே இல்லாதது அல்ல. அதைவிட முக்கியம், பால்மாவும் கிருமி நீக்கியது அல்ல. புது டின்னைத் திறந்தாலும் அதற்குள் குரோனோபக்ரர் என்ற பக்டீரியா இருக்கலாம், அது அரிதுதான், ஆனால் குறைமாதப் பிள்ளைக்கு வந்தால் மூளைக்காய்ச்சல் வரை போகும். அதனால்தான் தண்ணீர் 70 பாகைக்குக் குறையாமல் இருக்கும்போதே மாவைப் போடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தச் சூடு மாவுக்காக. எங்கள் டின்னில் "வெதுவெதுப்பான நீர்" என்றுதான் போட்டிருந்தது, டொக்டரிடம் கேட்டேன், இவன் குறைமாதம், 70-ஐயே பிடியுங்கள் என்றார்.

இப்போது நான் செய்வது: தண்ணீர் தளதளவென்று கொதித்தவுடன் அடுப்பை நிறுத்திவிடுவேன், வற்ற விடுவதில்லை. அரை மணித்தியாலத்துக்குள் போத்தலில் முதலில் தண்ணீரை அளந்து, பிறகு கரண்டியால் தலை தட்டி மாவு. மூடிக் குலுக்கி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய சட்டிக்குள் போத்தலை நிறுத்தி ஆற்றுவேன், சூப்பி மட்டும் தண்ணீருக்கு மேலே. மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டு, சூடு தெரியாவிட்டால் கொடுக்கலாம். கரைத்து இரண்டு மணித்தியாலம் கடந்தால், எவ்வளவு மிச்சமிருந்தாலும், ஊற்றிவிடவேண்டும். பால்மா விற்கிற விலைக்கு அது வயிற்றெரிச்சல்தான். இரவுக்குக் கொதித்த தண்ணீரை உடனே சுடுதண்ணிப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடிவைப்பேன், பாதி நிரப்பினால் சூடு நிற்காது. கரண்ட் போனாலும் பயமில்லை.

மகனுக்கு இப்போது ஏழு மாதம், நிறை ஏறிவிட்டது. மாசியில் கிணற்றைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க இவர் நல்ல போத்தல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். மாமி அந்த 5 லீற்றர் போத்தலுக்குச் சேலைத் துண்டில் ஒரு மூடி தைத்துப் போட்டிருக்கிறார், பல்லி விழாமல். ஆனால் நேற்று நான் மறதியாக அதிலிருந்து அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டேன். ஒரு வாய் குடித்தார், கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன பிள்ளை, சப்பெண்டு கிடக்கு?"

எழும்பிப் போய்க் கிணற்றில் ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்தார்.