ஏழுகல் தோடு: பின்பக்க அடைப்பு ஒருவழியாக வந்துவிட்டது

வலது தோட்டில் ஏழு கல்லும் திறந்தாச்சு. முன்பக்கத்தை எவ்வளவு துலக்கியும் பால் படர்ந்த மாதிரி மங்கலாகவே இருந்த வைரங்கள், பின்னால் இருந்த அடைப்பு வெளியே வந்ததும் டியூப் லைட் வெளிச்சத்திலேயே டால் அடிக்கின்றன. இடது தோட்டில் ஓரக்கல் ஆறும் முடிந்தது, நடுக்கல் பாக்கி. அந்த நடுக்கல் கதைதான் இந்தப் பதிவில் பாதி.

வைரம் மங்கினால் எல்லோரும் முகப்பைத்தான் தேய்க்கிறார்கள். வேலை இருப்பது முதுகில். வைரத்துக்கு எண்ணெய்ப் பசை என்றால் அத்தனை ஒட்டுதல். கிம்பர்லி சுரங்கங்களில் கிரீஸ் பூசிய மேசையில் கல்லை ஓடவிட்டு வைரத்தை மட்டும் பிடித்ததே இந்தக் குணத்தை வைத்துத்தான். தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய், முகத்து மஞ்சள், பவுடர் எல்லாம் பின்குழியில் போய் உட்காரும். கல்லுக்குப் பின்னால் காற்று இருந்தால், உள்ளே போன வெளிச்சம் சுமார் 24 டிகிரிக்கு மேல் சாய்ந்து பட்டாலே முழுசாகத் திரும்பி வரும். அங்கே எண்ணெய் இருந்தால் அந்தக் கணக்கு 37 டிகிரி வரை ஏறிவிடும். நடுவில் இருக்கிற அத்தனை வெளிச்சமும் பின்வழியே ஒழுகிப் போகிறது. கல் செத்த மாதிரி தெரிவது அதனால்தான்.

நம்ம வடசென்னைப் பக்கத்தில் இன்னொரு வில்லன் தண்ணீர். மெட்ரோ வாட்டர் வரும் வீட்டில் ஓரளவு தப்பிக்கலாம். தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை போர் தண்ணீரை நம்பி இருக்கும் வீடுகளில் குளியல் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. தண்ணீரில் இருக்கும் கால்சியமும் சோப்பும் சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காக மாறும். தோட்டைக் கழற்றாமல் குளிக்கிற ஒவ்வொரு நாளும் அந்தப் பிசுக்கு எண்ணெய் மேல் ஒரு பூச்சு பூசுகிறது. அதையே மறுபடி சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் பூச்சு தடிக்குமே தவிர குறையாது.

அதனால் இந்த வேலைக்குப் பூந்திக்கொட்டைதான். அதில் இருப்பது சபோனின் என்ற நுரைக்கும் பொருள். சோப்பு போல உப்புத் தண்ணீரில் திரிந்து படியாது. நகை செய்யும் பத்தர்கள் காலங்காலமாக இதையே வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. ஆறு காய், கொட்டை நீக்கி, தோலை மட்டும் இடித்து கால் லிட்டர் கேன் தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்கவிட வேண்டும். ஆறியதும் வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டணும். டீ வடிகட்டியில் வடித்தால் தோல் துணுக்கு தப்பி வந்து, அதுவே குழிக்குள் புதிய அடைப்பாகிவிடும். இரண்டு நாளில் புளித்து நாறும் என்பதால் அன்றன்றைக்குச் செய்வதே நல்லது. கண்ணில் பட்டால் எரியும், கவனம். காய் வாங்க பார்க் டவுன் ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளே போதும். பொடியாக வாங்காதீர்கள், கொட்டையையும் சேர்த்து அரைத்திருந்தால் துகள் வடியவே வடியாது.

ஊறவைக்கும் முன் தோட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் துளைகள் வழியே கல்லின் கூர்முனை தெரிந்தால் மட்டும் மேலே சொன்னது. தங்கத் தகடு போட்டு மூடிய கட்டாக இருந்தால் தண்ணீர் பக்கமே போகக்கூடாது. உள்ளே அரக்கும் கல்லுக்கு அடியில் பளபளப்புத் தாளும் இருக்கும். ஈரம் இறங்கினால் தாள் கறுத்துப் போகும், சூடு பட்டால் அரக்கு இளகும். பழைய கெம்பு அட்டிகைகள் பெரும்பாலும் இப்படித்தான். பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, உடனே காய்ந்த துணி. அவ்வளவுதான்.

திறந்த கட்டுக்கு: கை பொறுக்கும் சூட்டில் பூந்திக்கொட்டைத் தண்ணீர், இருபது நிமிஷம். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். அடைப்பு உடனே கரையாது, விளிம்பில் ஊறி ஜவ்வு மாதிரி இளகும். அப்போதுதான் பலரும் ஊசியை எடுத்துக் குத்துகிறார்கள். கல்லைப் பிடித்திருக்கும் தங்க முனைகள் எல்லாம் முன்பக்கம்தான் மடங்கி இருக்கும். பின்னாலிருந்து தள்ளுகிற ஒவ்வொரு தள்ளலும் அந்த முனைகளை நிமிர்த்துகிறது. இன்றைக்குக் கல் நிற்கும். அடுத்த மாதம் புடவையில் மாட்டி இழுக்கும்போது போய்விடும்.

தள்ளாமல் எடுக்கும் வழி: மருந்துக் கடையில் 5 மில்லி சிரிஞ்சு, ஊசி வேண்டாம். வெதுவெதுப்பான பூந்திக்கொட்டைத் தண்ணீரை நிரப்பி, துளைக்குச் சற்றுச் சாய்வாகப் பிடித்துப் பீய்ச்ச வேண்டும். நேராகப் பீய்ச்சினால் அடைப்பு உள்ளேயே அமுங்கும். சாய்த்தால் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு சுழன்று வெளியே வரும். வலது தோட்டில் பழுப்பும் வெள்ளையுமாக, கடுகில் பாதி அளவுக்கு, குழியின் அச்சிலேயே வார்த்த மாதிரி முழுசாக வந்தது. அடியில் வெள்ளைக் கிண்ணம் வையுங்கள். வாஷ் பேசின் மேல் இந்த வேலையே கூடாது.

நடுக்கல்லில் சிரிஞ்சு தோற்கிறது. காரணம் காதுத் துளைக்குள் போகிற தண்டு. தண்டைப் பற்றவைத்திருப்பது நடுக்கல்லின் முதுகுக்குக் குறுக்கே போகிற ஒரு சின்னப் பட்டையில். பட்டையின் இரு பக்கமும் பிறை வடிவ இடுக்குதான் மிச்சம்; தண்ணீர் பட்டையில் மோதித் தெறித்துவிடுகிறது. இதற்கு மரப் பல்குச்சி. நுனியைத் தண்ணீரில் ஊறவைத்து, நசுக்கி, நார் நாராக்கி, இடுக்கில் வைத்து விரலால் உருட்ட வேண்டும். அமுக்கக் கூடாது, உருட்டல் மட்டும். நார் அழுக்கைச் சுற்றிக்கொண்டு வரும். நுனி மழுங்கியதும் வெட்டி எறிந்துவிட்டு அடுத்த குச்சி. வலது தோட்டில் பலித்தது இதுதான். இடதில் பட்டை இன்னும் அகலம், பிறை ஒரு முடிக்கனம்தான். அதற்குச் சட்டைப் பருத்தி நூலை இடுக்கில் கோத்து இழுக்கலாம் என்று இருக்கிறேன். திருகாணியின் உள்மரைக்கும் அதே நூல்தான்: நனைத்து, முறுக்கி, திருகிக்கொண்டே இழுத்தால் கறுப்புக் கறுப்பாக வரும்.

எண்ணெய் போன பிறகும் வெள்ளைப் படலம் தெரிந்தால், அரை டம்ளர் கேன் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர், ஐந்து நிமிஷம். தங்கமும் வைரமும் தாங்கும். முத்து, பவளம் இருந்தால் வினிகரை மறந்துவிடுங்கள். இரண்டுமே சுண்ணாம்பு வகை, மேல்பளபளப்பு அரித்துப் போகும். டூத்பேஸ்டும் வேண்டாம்: வைரத்துக்கு ஒன்றும் ஆகாது, சுற்றியிருக்கும் 22 காரட் தங்கம் மென்மையானது, நுண்கீறல் விழுந்து மெருகு செத்துவிடும். துணி வெளுக்கும் பிளீச்சிங் தண்ணீர் பட்டால் பற்றவைத்த இடங்கள் அரிக்கும்.

கடைசி அலசல் போர் தண்ணீரில் செய்தால் பட்ட பாடு வீண். காய்ந்ததும் குழிக்குள் உப்புத் திட்டு நிற்கும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் மலிவாகக் கிடைக்கும். ஆசிட் கலக்காத பாட்டில்தானா என்று லேபிளைப் படித்து வாங்குங்கள். இரண்டு முறை அலசி, துணியில் ஒற்றி, டிரையரில் குளிர்காற்று. பிறகு பஞ்சைப் பிரித்துக் கல் மேல் மெல்ல இழுத்துப் பார்ப்பேன். இழை மாட்டினால் அங்கே ஒரு முனை தூக்கியிருக்கிறது, பத்தரிடம் போக வேண்டிய கேஸ். காதருகே வைத்துத் தட்டும்போது லேசாகக் 'கிலுக்' என்றாலும் அதே முடிவுதான்.

பத்தரிடம் கொடுத்தாலும் கல் இறுக்க மட்டும் கொடுங்கள், எடை போட்டு எழுதி வாங்கிக்கொண்டு. வீட்டு வாசலில் வந்து பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் மட்டும் வேண்டவே வேண்டாம். ராஜ திராவகத்தில் முக்கினால் பளபளப்போடு தங்கமும் கரைந்து அவர் கிண்ணத்தில் தங்கிவிடும்.

சவுகார்பேட்டைப் பக்கம் போனால் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் ஒன்று வாங்கிவிடுங்கள். கூடவே பித்தளைப் பிரஷ்ஷையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது பழகின கைக்கு, நமக்குக் குழந்தைகள் டூத்பிரஷ் போதும். அல்ட்ராசோனிக் மெஷின் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் தளர்ந்த கல்லை அது உதிர்த்தே விடும் என்பதால் முதலில் எல்லாத் தோட்டுக்கும் பஞ்சு சோதனை.

அடுத்து வரிசையில் கொலுசு. பக்கிங்காம் கால்வாய் ஓரத்து நாற்றக் காற்றில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியை வேகமாகக் கறுக்க வைக்கிறது. அலுமினியத் தாள், சுடுதண்ணீர், சமையல் சோடா முறை அதற்குச் சரி; ஆன்டிக் கறுப்பு வேலை உள்ள கொலுசை மட்டும் அதில் போடக்கூடாது, அந்தக் கறுப்பும் போய்விடும். அதற்குள் இடது நடுக்கல்லை முடிக்கணும். இன்னும் ஒருமுறை இருபது நிமிஷ ஊறல், பிறகு நூல்.