முருகைக்கல்லும் ஒரு மழைநாளும்

எட்டாம் வகுப்பில் எங்களுக்குப் புவியியல் படிப்பித்த சேர் வெண்கட்டியைத் தண்ணீரில் தோய்த்துத்தான் படம் கீறுவார். ஈரம் காயக் காய கோடு பளிச்சென்று எழும்பும். அப்படி அவர் ஒருநாள் கீறிய தீவும் அதைச் சுற்றிய வளையமும் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. "இதுதான் முருகைக்கற்பார், பவளப்பாறைத் திட்டு. தீவுக்கு இதுதான் வேலி. வேலி இல்லாத இடத்தில கடல் நேரா அடிக்கும்" என்றார். சோதனையில் எழுதிப் புள்ளியும் வாங்கினேன். விளங்கியது நாற்பது வருடம் கழித்து, மொரிசியஸில், ஒரு மழைநாளில்.

ரோஸ் ஹில்லில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தேன். தைப்பூசக் காவடி முடிந்த வாரம். வீட்டில் அவர்கள் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. என்னோடு மட்டும் ஆசிரியர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார். காலையில் மழை கொட்டியது. "ஐயா, நாம் தெற்குக் கடற்கரையைக் காண்போம். மழை நம்மைத் தடுக்காது" என்றார். அவருடைய மனைவி பிளாஸ்கில் வனிலாத் தேநீரும், நம்முடைய பருப்பு வடையைக் குட்டியாக உருட்டியது போன்ற கத்தோ பிமானும் எடுத்துக்கொண்டார். பத்து வயதுப் பேரனும் ஏறிக்கொண்டான்.

கியூர்பிப் மேட்டு நிலத்தில் மூடுபனி. அதைத் தாண்டினால் கரும்புத் தோட்டங்கள், நடுநடுவே கோபுரம் கோபுரமாகக் குவித்த கருங்கற்கள். அந்தக் கல்லைப் பொறுக்கிக் குவித்த கைகளில் நம்மவர்களின் கைகளும் உண்டு என்று ஆசிரியர் சொன்னபோது யாரும் பேசவில்லை.

சுய்யாக் ஊரில் கிரி கிரி என்ற கரைக்குப் போனோம். தீவைச் சுற்றி அநேகமாக எல்லா இடத்திலும் முருகைக்கற்பார் அலையை வெளியிலேயே உடைத்துவிடும். உள்ளே கடல் குளம் மாதிரிக் கிடக்கும். இங்கே பார் இல்லை. பெருங்கடல் நேரே வந்து கரும்பாறையில் மோதுகிறது. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. ஆசிரியரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு "போதும், போதும்" என்றார். சற்றுத் தள்ளி 'அழும் பாறை'. அலை ஏறி, வடியும்போது கன்னத்தில் கண்ணீர் போல நூல் நூலாக இறங்குகிறது. அன்றைக்கு மழையும் சேர்ந்து வடிந்தது. ராபர்ட் எட்வர்ட் ஹார்ட் என்ற கவிஞரின் முகம் அந்தப் பாறையில் தெரிகிறது என்பார்கள். 1954இல் காலமான அவர் அதே ஊரில் முருகைக்கல்லால் கட்டிய வீட்டில் வாழ்ந்தவர். எனக்கு யாழ்ப்பாணத்து நெடுந்தீவின் முருகைக்கல் மதில்கள் நினைவுக்கு வந்தன.

காருக்குள் கண்ணாடியில் நீராவி படிந்திருந்தது. பேரனுக்கு விளக்க, விரலால் அதில் தீவைக் கீறினேன். சுற்றி வளையம், அடியில், நாங்கள் நின்ற இடத்தில், ஓர் இடைவெளி.

"தமிழில் இதன் பெயர் என்ன?" என்று கேட்டான்.

"முருகைக்கல்."

அந்த வாரம்தான் பால்குடம் எடுத்த பிள்ளை. கண்ணை விரித்து, "முருகன் கல்லா?" என்றான்.

நான் திருத்தவில்லை. சேர் இருந்திருந்தால் திருத்தியிருப்பார்.

அப்புறம் மேற்கே கரையோரமாகவே ஓடினோம். பே து காப்பில் ஆங்கிலேயக் கடலோடி மத்தியூ பிளிண்டர்ஸின் நினைவுக்கல்லை வைப்பர் அசைந்த கண்ணாடி வழியேதான் பார்த்தேன். 1803இல் அவுஸ்திரேலியப் பக்கம் பாரில் கப்பல் உடைந்து உயிர் தப்பியவர், அதே வருடம் இங்கே கரையேறி, பிரெஞ்சுக்காரரிடம் 1810 வரை கைதியாகக் கிடந்தார். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்திருந்த லெ மோர்ன் மலை 556 மீட்டர் உயரம். எங்களுக்கு அதன் அடிவாரம் மட்டுமே கிடைத்தது. மீதி முகிலுக்குள். ஆசிரியர் இறங்கி, நனைந்தபடி மேலே பார்த்துக் கும்பிட்டார்.

இரவு அவருடைய தாயார் 'ரசோன்' ஊற்றினார், 'முருங்' கீரை வைத்தார். ரசமும் முருங்கையும்தான். தமிழில் ஒரு வசனம் கோக்க அந்த அம்மாவால் முடியாது. சமையல் பாத்திரத்துக்குள் சொற்கள் அப்படியே இருந்தன. பேரன் அவரிடம் கிரியோலில் நீளமாக எதையோ சொன்னான். நடுவில் 'முருகன் கல்' மட்டும் எனக்கு விளங்கியது. அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இன்னொரு அகப்பை ரசோன் ஊற்றினார்.