மங்களத்துக்குப் பிறகு மல்லாரி

அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போன நாள். கொக்குவிலில் இருந்து கே.கே.எஸ். வீதியால் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு. அப்பா பின் சீற்றில் ஏறி, வேட்டியை ஒதுக்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அப்பா, உங்கட கசெற் இனிக் காரிலயும் கேக்கலாம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் பென் ட்ரைவைக் குத்தினேன். நாதஸ்வரம் வந்தது. அரை நிமிடம் கேட்டிருப்பார்.

"உதென்ன, மங்களம் போகுது?"

மங்களம்தான். அது முடிய அடுத்ததாக மல்லாரி தொடங்கியது.

"மங்களம் முடிஞ்சாப் பிறகு என்ன மல்லாரி? சாமி திரும்பவும் வெளிக்கிடப் போகுதோ?"

கோயில் மேளம் கேட்டு வளராதவர்களுக்காகச் சொல்கிறேன்: மல்லாரி சாமி புறப்படும்போது வாசிப்பது. கம்பீரநாட்டையில், சொல் இல்லாமல், தவிலும் நாயனமும் சேர்ந்து வருகிறவர்களை ஒதுங்கச் சொல்வது போல இருக்கும். மங்களம் கச்சேரியை முடித்து வைப்பது. இரண்டையும் மாற்றிப் போட்டால், சாப்பிட்டுக் கைகழுவினவனுக்கு இலை போட்ட கதைதான். அப்பா ஆஸ்பத்திரி வாசல் வரை அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்தக் கசெற்றின் கதை கொஞ்சம் நீளம். எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் சித்தப்பா பதிந்தது. சவூதியில் இருந்து வந்த ரேப் றெக்கோடர், 90 நிமிடக் கசெற். விடிய விடிய நடந்த மேளத்தை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடக்க வேண்டும், பற்றரியும் தீரக்கூடாது. அதனால் நிறுத்தி நிறுத்திப் பதிந்திருக்கிறார். ராக ஆலாபனையின் நடுவில் "கச்சான்... கச்சான்..." என்று கடலை விற்கிற ஒரு ஆச்சியின் குரல் இரண்டு தரம் வரும். எனக்கு அந்த ராகத்தின் பெயர் தெரிய முதலே கச்சான் வரும் இடம் தெரியும்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பெடலைச் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுத்துத்தான் அந்தக் கசெற்றைக் கேட்டோம். சுற்றுகிற வேலை என்னுடையது. கை சோர்ந்தால் நாயனம் இழுபட்டுச் சுருதி கீழே இறங்கும். "டேய், சுருதி போகுது" என்று அப்பா உள்ளே இருந்து கத்துவார். சுருதி சேர்ப்பது என்றால் வேகமாகப் பெடல் சுற்றுவது என்றுதான் நான் கனகாலம் நினைத்திருந்தேன்.

சரி, காருக்கு வருவோம்.

என்னுடையது ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த சின்னக் கார். அதனோடு வந்த பாட்டுச் செற்றும் ஜப்பான் செற்தான். திரையில் வருகிற எழுத்து முழுக்க ஜப்பானிய மொழி. றேடியோவும் ஒழுங்காக வேலை செய்யாது. அது செற்றின் பிழை இல்லை. ஜப்பானில் எஃப்.எம். 76இல் தொடங்கி 90உடன் முடிந்தது. பிறகுதான் 95 வரை நீட்டினார்கள். எங்கள் நாட்டு நிலையங்கள் 88இல் இருந்து 108 வரை பரந்து கிடக்கின்றன. இடையில் கிடைக்கிற ஒன்றிரண்டுதான் கேட்கும். ஏரியல் வயரில் ஒரு சின்னப் பெட்டி பூட்டி அலைவரிசையைக் கீழே இறக்கலாம். நான் அதில் மினக்கெடவில்லை. பென் ட்ரைவ் போதும் என்று இருந்துவிட்டேன்.

முதல் நாள் செய்த மடைத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சிகரெட் பற்ற வைக்கிற ஓட்டையில் இருந்த யூ.எஸ்.பி.யில் பென் ட்ரைவைக் குத்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன். அது போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிற துளை. கரண்ட் மட்டும் வரும், தரவு போகாது. பாட்டுக்குரிய துளை டாஷ்போர்ட் பெட்டிக்குள், காரின் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தது.

அங்கே குத்தினால் திரையில் ஏதோ ஒரு வரி. போன் கமராவால் மொழிபெயர்த்துப் பார்த்தேன். சாதனத்தை வாசிக்க முடியவில்லையாம். நான் வாங்கியது 64 ஜிபி. 32 ஜிபிக்கு மேற்பட்டவை பெரும்பாலும் எக்ஸ்ஃபாட் என்ற, ஃபைல்களை அடுக்கி வைக்கிற முறையில்தான் கடையில் இருந்து வருகின்றன. பழைய கார் செற்களில் பலவற்றுக்கு அதற்கு முந்தைய முறையான ஃபாட்32 மட்டும்தான் விளங்கும். என்னுடைய விண்டோஸின் ஃபோர்மற் பெட்டியும் 32 ஜிபிக்கு மேல் ஃபாட்32ஐத் தெரிவில் காட்டவில்லை. வேறு மென்பொருள் போட்டு மாற்றலாம்தான். ஆனால் அலுமாரிக்குள் பழைய 16 ஜிபி ஒன்று சும்மா கிடந்தது. 128 கேபிபிஎஸ் எம்பி3 ஒன்று நிமிடத்துக்கு ஒரு எம்பியும் பிடிக்காது. நாலு நிமிடப் பாட்டாகப் பார்த்தால் 16 ஜிபியில் நாலாயிரத்துக்குக் கிட்டப் போகும். எனக்கோ ஒரு கசெற்தான் வேண்டும். பெரிய பென் ட்ரைவ் வாங்கினது வெறும் ஆசை.

கசெற்றைக் கொம்பியூட்டரில் ஏற்றியதும் நான்தான். பழைய பிளேயரின் ஹெட்போன் துளையில் இருந்து லப்டொப்புக்கு ஒரு வயர், ஓடாசிற்றி மென்பொருள், 90 நிமிடம் பொறுமை. இதில் குறுக்கு வழி கிடையாது, கசெற் ஓடுகிற நேரம் முழுக்க நாமும் இருக்க வேண்டும். பிறகு ஒன்பது துண்டாக வெட்டி, 01 மல்லாரியில் இருந்து 09 மங்களம் வரை இலக்கம் போட்டேன். தமிழில் பெயர் எழுதியிருந்தேன். செற்றில் அது பெட்டி பெட்டியாகத் தெரிந்ததால் ஆங்கில எழுத்தில் மாற்றினேன். லப்டொப்பில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அழகாகத்தான் ஓடியது. காரில் மட்டும் ஒன்பது, ஒன்று, இரண்டு.

கிளினிக் வாங்கிலில் இருந்து போனில் தேடித்தான் காரணத்தைப் பிடித்தேன்.

ஃபாட்32இல் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பெயர்கள் அகரவரிசையில் நிற்பதில்லை, வந்து ஏறின ஒழுங்கில் நிற்கின்றன. கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் கூப்பன் அட்டை அடுக்கினவர்களுக்கு இது உடனே விளங்கும். ஆர் முதலில் வந்து அட்டையை வைத்தாரோ அவருக்குத்தான் முதல் சாமான். பெயர் 'அ'வில் தொடங்குகிறதா என்று மனேச்சர் பார்ப்பதில்லை. கொம்பியூட்டர் எங்களுக்குக் காட்டும்போது தன் பாட்டில் அடுக்கிக் காட்டுகிறது. என்னுடையதைப் போன்ற செற்கள் அந்த வேலையைச் செய்யாமல், பட்டியலை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போகின்றன. நடுவில் ஒருவர் வரிசையை விட்டுப் போனால் அந்த இடைவெளிக்குள் புதிதாக வந்தவர் புகுந்துகொள்வாரே, அதுவும் இங்கே நடக்கும். ஒரு பாட்டை அழித்துவிட்டு இன்னொன்றைப் போட்டால், புதியது பழையதன் இடத்தில் போய்க் குந்தும்.

அப்படியென்றால் மங்களம் எப்படி முதலாவதாக வந்தது? அதையும் வீட்டுக்கு வந்து கண்டுபிடித்தேன். முதலாவதைக் கிளிக் பண்ணி, ஷிஃப்ற்றை அமத்திக்கொண்டு ஒன்பதாவதைக் கிளிக் பண்ணி, அந்த ஒன்பதாவதைப் பிடித்தே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டிருக்கிறேன். விண்டோஸ் பிடித்த ஃபைலை முதலில் ஏற்றிவிட்டு, மிச்சத்தை ஒழுங்காக ஏற்றியிருக்கிறது. அதாவது மங்களத்தைக் காதில் பிடித்து வரிசைக்கு முன்னால் இழுத்து விட்டது நானேதான். முதலாவதைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், சரியாக வந்தது. ஏற்கெனவே போட்ட பென் ட்ரைவில் வரிசையை மட்டும் திருத்த ஃபாட்சோர்ட் என்று ஒரு இலவச மென்பொருளும் இருக்கிறது. பட்டியலைப் பெயர்ப்படி திருப்பி எழுதிவிடும்.

(கனடாவில் இருந்து வந்த மச்சான் 200 பாட்டுப் போட்டு ஒரு பென் ட்ரைவ் தந்தான். செற் 400 என்று காட்டியது, பாதி பாடவில்லை. அவனுடையது அப்பிள் மக். அது இப்படியான பென் ட்ரைவில் எழுதும்போது பல ஃபைல்களுக்கு, பெயருக்கு முன்னால் புள்ளியும் கீழ்க்கோடும் போட்ட ஒரு குட்டி ஃபைலையும் கூடவே எழுதிவிடும். செற் அதையும் பாட்டென்று நினைக்கிறது. அவ்வளவையும் அழித்தேன். அந்த 200 பாட்டைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயமும் உண்டு, மச்சான் இதை வாசிப்பான் என்பதால் விடுகிறேன்.)

அடுத்த கிளினிக். மல்லாரி முதலில் வந்தது. அப்பா தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். தட்டாதெருச் சந்தியில் இரண்டாம் துண்டு மூன்றாம் துண்டுக்கு மாறுகிற இடத்தில் கை நின்றது.

"தவில்காரனுக்கு விக்கலோ?"

எனக்குக் கேட்கவே இல்லை. இரண்டாம் தரம் போட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள், அதாவது ஒலி அளவீடுகள், கொண்ட துண்டுகளாக வெட்டி அடைக்கிறது. கடைசித் துண்டு நிரம்பாவிட்டால் மௌனத்தால் நிரப்பும். தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் ஏறிவிடும். அதோடு செற் அடுத்த ஃபைலைத் திறக்க எடுக்கிற நேரம் வேறு. ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று வருகிற இடத்தில் இதை ஆரும் கவனிக்க மாட்டார்கள். நான் வெட்டியது தவில் தனி நடந்துகொண்டிருக்கிற இடத்தில். இணுவிலுக்குப் பக்கத்து ஊரில் பிறந்து, தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பை நேரில் இருந்து கேட்ட மனிதரிடம் இது நடக்குமா? 1975இல் தெட்சணாமூர்த்தி காலமான பிறகு ஆர் தவில் அடித்தாலும் அப்பா ஒரு குறை சொல்லித்தான் முடிப்பார். அந்தக் குறைக் கணக்கில் என் பென் ட்ரைவும் ஏறிவிட்டது.

ஆகவே வெட்டியதையெல்லாம் எறிந்துவிட்டு இரண்டே ஃபைல் செய்தேன். ஏ பக்கம் 45 நிமிடம், பி பக்கம் 45 நிமிடம். கரகரப்பைக் குறைத்தேன், கச்சான் ஆச்சியை விட்டுவைத்தேன். ஏ பக்கம் முடிகிற இடத்தில் அன்றைக்குச் சித்தப்பா பொத்தானை நிறுத்திய 'டக்' சத்தம் பதிவாகியிருந்தது. அதையும் வெட்டவில்லை.

இப்போது வேறு வில்லங்கம். என் செற், கார்த் திறப்பை நிறுத்திப் போட்டால், ஓடிக்கொண்டிருந்த ஃபைலின் பெயரை ஞாபகம் வைத்திருக்கும். எந்த நிமிடம் என்பதை மறந்துவிடும். வீட்டில் இருந்து ஆஸ்பத்திரிக்குக் கால் மணித்தியாலம். போகும்போது முதல் 15 நிமிடம், வரும்போதும் அதே முதல் 15 நிமிடம். மருந்துக்கடை, பாங்கு, செத்த வீடு, எங்கே போனாலும் மல்லாரிதான்.

"சாமி ஒவ்வொருநாளும் வெளிக்கிடுது, தெற்கு வீதியைத் தாண்டுதில்லை" என்றார் அப்பா.

பேசாமல் போனில் போட்டுப் புளூடூத்தில் விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தச் செற்றில் புளூடூத் இல்லை. இருந்தாலும், மல்லாரிக்கு நடுவில் ஆராவது அழைத்துத் தண்ணி மோட்டர் ஓடுதில்லை என்பார்கள். பென் ட்ரைவுக்கு ஆரும் கோல் எடுப்பதில்லை.

போன மாதம் வவுனியாவில் அக்கா வீட்டுக்குப் போனோம். அப்பா முன் சீற்றில். அரியாலை, நாவற்குழி, கைதடி. அவர் மிச்சக் கச்சேரியைக் காருக்குள் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தரம். சாவகச்சேரி தாண்டினதும் கச்சான் ஆச்சி வந்தா. அப்பா ஆலாபனையைக் குழப்பாத குரலில், "உவவின்ர மகன்தான் பிறகு லொறி ஓடினவன்" என்றார். முப்பது வருசத்துக்கு மேலாக அந்தக் குரலைக் கேட்கிறேன், அவவுக்கு ஒரு மகன் இருந்ததே எனக்குத் தெரியாது.

கொடிகாமத்தில் ஏ பக்கம் முடிந்தது. 'டக்.'

அப்பாவின் கை தானாக எழும்பி டாஷ்போர்டுக்குப் போனது. செற்றின் முகத்தைத் தடவி, கசெற் வெளியே வருகிற வாயைத் தேடியது.

"திருப்பிப் போடு."

"தானாப் போகும் அப்பா."

"தானா எப்பிடிப் போகும்?" என்று கேட்டு முடிய முதல் பி பக்கம் தொடங்கிவிட்டது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பளை, இயக்கச்சி, ஆனையிறவு எதிலும் கதை இல்லை. மங்களம் கிளிநொச்சிக்குள் முடிந்தது. செற் சுற்றிக்கொண்டு திரும்ப முதலாவதுக்கே போனது. அப்பாவுக்கு நித்திரை கண்ணைக் கட்டியதால் கவனிக்கவில்லை, நானும் சத்தத்தைக் குறைத்துவிட்டேன்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லாரும் நிற்பது போல நாங்களும் நின்றோம். தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, இரண்டு சரை கச்சான் வாங்கிக்கொண்டு வந்து ஏறினோம். திறப்பைத் திருப்பினேன். செற் தன் வழக்கப்படி நிமிடத்தை மறந்து தொடக்கத்துக்குப் போனது. மல்லாரி.

ஐயோ, மறுபடியும் தொடங்கப் போகிறாரே என்று நிறுத்தக் கையை நீட்டினேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டார். கச்சான் ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு பிள்ளையார் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"விடு, விடு. இப்பதானே சரியான இடத்தில வெளிக்கிடுது."