சேத்து ரோட்டுக்கு முதல் கான் வெட்டுங்கோ, கிரவல் பிறகு

கொழும்பில இருந்து பாதுக்கை, ஹங்வெல்லப் பக்கம் காணி வாங்கிப் போற ஆக்கள் இப்ப கூடிட்டினம். வெள்ளவத்தையில ஒரு ஃபிளாட்டுக்குக் குடுக்கிற காசுக்கு அங்க வீடும் கட்டி நாலு மரமும் வைக்கலாம்தானே. ஆனா காணி பாக்கப் போறது பெப்ரவரி, மார்ச் வெயில்ல, அப்ப மண் ரோட்டு இறுகி சிவப்பா வடிவாத்தான் கிடக்கும். மே மாசம் மழை துடங்கினாப் பிறகு போய்ப் பாருங்கோ, அதே ரோட்டில வேன் அச்சு மட்டும் புதையும்.

எங்கட மாமாவின்ர காணிப் பாதையும் அப்பிடித்தான் கிடந்தது. மெயின் ரோட்டில இருந்து 300 அடி, அகலம் 10 அடி, ரெண்டு பக்கமும் ரப்பர், முடியிற இடத்தில வயல். மாமிக்கு மாசா மாசம் கிளினிக் போகோணும், மழை நேரம் த்ரீவீல்காரர் உள்ளுக்கு வரேலாது எண்டு சந்தியிலயே நிப்பாட்டிடுவார், அவ செருப்பைக் கையில எடுத்துக்கொண்டு சேத்துக்குள்ளால நடந்து போய்த்தான் ஏறோணும். வயசான ஆக்கள் இருக்கிற வீட்டுக்கு ரோட்டு எண்டது மருந்து மாதிரி அவசியமான சாமான், அதை அடுத்த வருஷம் பாப்பம் எண்டு விடேலாது.

அந்தப் பக்கம் எல்லாரும் வழமையாச் செய்யிறது, ஒரு டிப்பர் கிரவலைக் கொண்டு வந்து பள்ளத்தில கொட்டிப் பரப்பிறது. ரெண்டு மழைக்கு நல்லா இருக்கும், பிறகு கல்லெல்லாம் கீழ போயிடும், சேறு மேல வந்திடும், திரும்ப ஒரு டிப்பர். இல்லாட்டி பொச்சு மட்டையும் உடைஞ்ச ஓடும் போடுவினம். மட்டை தண்ணியை உறிஞ்சி வச்சிருந்து உக்கி இன்னும் மோசமாக்கும், கட்டிட உடைசல்ல ஆணி இருந்தா டயர் போச்சு.

எங்களுக்கு இந்த விஷயத்தை விளங்கப்படுத்தினது பக்கத்து ரப்பர் தோட்டத்தில கனகாலம் கான், அதாவது தண்ணி ஓடுற வாய்க்கால், வெட்டுற வேலை செய்த ஒரு ஐயா. நல்ல மழை பெய்யேக்க வந்தார். "மழையிலேயே வந்து பாருங்க தம்பி, வெயில்ல வந்தா தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு எப்புடித் தெரியும்" எண்டு சொல்லிப்போட்டு கையில ஒரு கட்டு ரப்பர் குச்சியோட மேல இருந்து கீழ நடந்தார், தண்ணி ரோட்டுக்குள்ள ஏறுற ஒவ்வொரு இடத்திலயும் ஒரு குச்சி குத்தினார், வெளிய போகக்கூடிய இடத்தில ரெண்டு குச்சி சேத்துக் குத்தினார். கடைசியில திரும்பிப் பாத்தா ஒத்தைக் குச்சி நிறைய, ரெட்டைக் குச்சி கொஞ்சம். வருத்தம் என்னெண்டு அதிலயே தெரிஞ்சுது.

கணக்கையும் பாருங்கோ. கொழும்பிலயே வருஷத்துக்கு 2,400 மில்லிமீட்டர் அளவு மழை, அவிசாவளைப் பக்கம் போகப் போக அதைவிடக் கூட. ஒரு இஞ்சி மழை பெய்தா 300க்கு 10 அடி ரோட்டு மேல மட்டும் விழுற தண்ணி 7,000 லீட்டர், மேட்டுக் காணியில இருந்து வாறது வேற. வருஷக் கணக்கா வாகனம் ஓடித் தேஞ்சு ரோட்டு ரெண்டு பக்க நிலத்தையும்விடப் பதிஞ்சு போச்செண்டா தண்ணிக்கு வேற வழியே இல்லை, ரோட்டிலதான் ஓடும். 1800களின்ர துவக்கத்தில பிரித்தானியாவில ரோட்டுப் போட்ட மக்அடம் எண்டவர் சொன்னதும் இதைத்தான், பாரத்தைத் தாங்கிறது அடியில இருக்கிற மண், அதைக் காய வச்சிருக்கிறதுக்குத்தான் மேல கல்லு.

அதால முதல்ல கான். மண் தோண்டுற பெக்கோ மிஷின் ஒண்டு எடுத்து மேட்டுப் பக்கம் நீளத்துக்குக் கான் வெட்டி, இடைக்கிடை சரிவாத் திருப்பி தண்ணியை ரப்பருக்குள்ள விட்டம், எல்லாத் தண்ணியையும் ஒரே கான்ல கடைசி மட்டும் கொண்டு போனா கானே அரிச்சுப் போயிடும். பக்கத்துக் காணிக்காரரோட முதலே கதைச்சுப்போட்டுத்தான் வெட்டினது, எங்கட தண்ணியை இன்னொருத்தர்ர முத்தத்தில விடுறது சரியில்லை. கான்ல வாட்டம் முக்கியம், தண்ணி நிண்டா நுளம்பு வரும், அந்தப் பக்கம் டெங்கு விளையாட்டில்லை. ரோட்டைக் குறுக்க கடக்கிற ஒரு இடத்தில ஹியூம் பைப் எண்ட கொங்கிறீட் குழாய் வச்சு சின்ன மதகு ஒண்டு, பைப்புக்கு மேல குறைஞ்சது ஒரு அடி மண் இறுக்கமா இருக்கோணும், இல்லாட்டி டிப்பர் ஏற வெடிக்கும்.

பிறகு சேத்தை வழிச்சு எடுத்து கடினமான மண் வாறவரைக்கும் இறக்கினம். வயலோரக் கடைசித் துண்டில எவ்வளவு தோண்டினாலும் களிதான், அங்க மட்டும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிச்சு அதுக்கு மேல பெரிய உடைகல்லுப் போட்டம். துணி தண்ணியை விடும், ஆனா களியையும் கல்லையும் கலக்க விடாது. ஆத்துக் கல்லு மலிவு எண்டு வாங்காதேங்கோ, உருண்டைக் கல்லு ஒண்டோட ஒண்டு பிடிக்காது, மூலை உள்ள உடைகல்லுத்தான் பூட்டிக்கொள்ளும். இன்னொரு விஷயம், வயலை நிரப்பி ரோட்டை அகலமாக்க யோசிக்கிற ஆக்கள் கவனம், 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி இல்லாம வயல் நிரப்பேலாது.

கிரவல் வாங்கேக்க ஒரு பிடி போத்தல்ல போட்டு தண்ணி விட்டுக் குலுக்கி வச்சுப் பாருங்கோ. மணலும் கல்லும் உடனே அடியில இருக்கும், களி அடுத்த நாள் மட்டும் கலங்கலா நிக்கும். பத்தில ஒரு பங்கு அளவு களி வேணும், அதுதான் பிடிக்கும். பாதிக்குப் பாதி களி எண்டா அது கிரவலே இல்லை, மழைக்கு சவர்க்காரம். வெட்டுறதுக்கும் ஏத்துறதுக்கும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின்ர பெர்மிட் உள்ள ஆளிட்ட எடுங்கோ. ஒரு கியூப் எண்டா 100 கன அடி, 300 அடிக்கு 10 அடி, அரை அடி தடிப்பு எண்டா 15 கியூப், ரோலர் ஓடினா அமரும் எண்டபடியால் கால்வாசி கூடப் போடோணும்.

பரப்பிறது ஒரேயடியா வேண்டாம், நாலு இஞ்சி நாலு இஞ்சியா ரோலர் ஓட்டுறது நல்லது. ஈரம் சரியா எண்டு பாக்க ஐயா ஒரு பிடி கிரவலைக் கையில பொத்தி அமத்துவார், உருண்டையா நிக்கோணும், விரலால தட்டினா ரெண்டா உடையோணும், உள்ளங்கை நனையக்கூடாது. நடு மட்டம் ஓரத்தைவிட மூண்டு இஞ்சி உயரம், 10 அடி ரோட்டுக்கு அது காணும், விழுற மழை ரெண்டு பக்கமும் வழிஞ்சு போயிடும். ரோட்டுக்கு மேல கவிஞ்சு நிண்ட ரப்பர்க் கொப்புகளையும் வெட்டிவிட்டம், வெயில் படாத ரோட்டு காயாது.

இப்ப ஒக்டோபர் மழையும் பாத்தாச்சு. தண்ணி கான்லதான் போகுது, த்ரீவீல் வீட்டு வாசல் மட்டும் வருது, எனக்குச் சரியான சந்தோசம். மாமா ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் மண்வெட்டியோட போய் கான்ல விழுந்த இலையை அள்ளி, சின்னக் குழி கண்டா உடனே அடைச்சிடுவார், அதுக்கெண்டு ஒரு கியூப் கிரவல் தார்ப்பாலினுக்குக் கீழ வச்சிருக்கு. மிச்சம் மெயின் ரோட்டோட சேர்ற ஏத்தம்தான், அந்தச் சரிவில கிரவல் நிக்குதில்லை, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வழியுது. அந்தத் துண்டுக்கு மட்டும் டயர் போற ரெண்டு தடத்துக்கும் கொங்கிறீட் போடலாம் எண்டு மேசன் பாஸிட்ட விலை கேட்டிருக்கிறம், ஜனவரி வெயில் வரட்டும் எண்டு சொல்லியிருக்கிறார்.